வில்லங்கச் சான்றில் இல்லாதது

பெரம்பூர் ஃபிளாட்டை வாங்கும்போது
முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தோம்.
சுத்தம்.
ஹால் சுவரைத்தான் யாரும் பார்க்கச் சொல்லவில்லை.

தரையிலிருந்து கூரை வரை மரப்பலகை.
ஃபில்டர் அடியில் மறந்துபோன டிகாக்‌ஷன் நிறம்.
பகல் பதினோரு மணிக்கும் ட்யூப்லைட்.
வந்தவர்கள் எல்லோரும்
வக்கீல் ஆபீஸ் மாதிரி இருக்கே என்று சொல்லிவிட்டுக்
கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.
நானும் எட்வினும்கூட அந்த அறையில்
வாய்தா கேட்பதுபோல்தான் சண்டை போட்டோம்.

பிடுங்கிப் போட நாற்பத்தைந்தாயிரம்.
"பின்னாடி என்ன இருக்குதுன்னு
நான் கேரண்டி தர மாட்டேன்" என்றார் தச்சர்.
பெயின்ட் அடிக்கலாம் என்றார் குப்புராஜ்.
அவர் பெயின்டர். வேறென்ன சொல்வார்.

முதல் நாள் சோடா உப்புத் தண்ணீரில் துடைத்தார்.
வாளியில் இறங்கியது
நாற்பது வருடத்து ஊதுவத்தி, எண்ணெய்த் தலைகள்,
யாரோ சாய்ந்து சாய்ந்து டிவி பார்த்த இடம்.
அப்புறம் உப்புத்தாள்.
புளியோதரைப் பொடி மாதிரி ஒரு தூசு
மூடியிருந்த சர்க்கரை டப்பாவுக்குள்ளும் போயிருந்தது.
பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஓடும் கோடுகளில்
லப்பம் வைப்பதா வேண்டாமா என்று
ஒரு மணி நேரம் வாக்குவாதம்.
கோடு இருக்கட்டும் என்றேன்.
சுவர் என்று ஏமாற்ற வேண்டாம்,
வெள்ளை அடித்த மரமாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

பிரைமர். வெள்ளை.
அன்று இரவு விளக்கை அணைத்த பிறகும்
ஹால் தெரிந்தது.

காலையில் பார்த்தால்
ஒவ்வொரு கணுவைச் சுற்றியும் டீக்கறை.
இன்னொரு கோட். மறுநாள் மறுபடி.
"தேக்குங்க. உள்ள இருக்கிறதக் கக்காம விடாது.
அரக்கு பூசி வாயை அடைக்கணும்."
ஸ்பிரிட் வாசம் மாடிப்படி வரை இறங்கியது.
கீழ்வீட்டு ஜமீலா மேலே வந்து
வாசலிலேயே நின்று, மூக்கைப் பொத்திக்கொண்டு
நல்லாத்தான் இருக்கு என்றார்.

சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்துப் பலகை மட்டும்
தட்டினால் தகர டப்பாச் சத்தம்.
ஆணி விட்டிருந்தது. நெம்பினார்.
கரப்பான் முட்டைக் கூடுகள், ஒரு ஐந்து பைசா,
பின்னால் பஞ்சு மிட்டாய் நிறத்தில் பழைய சுவர்.
சுவரில் தச்சுப் பென்சில்:

பலகை 46
ஆணி 2 கிலோ
கூலி 1100
வரவு 760
பாக்கி 340. அய்யா ஊரிலிருந்து வந்ததும்.

பெயர் இல்லை.
குறுக்கே கோடு போட்டு அடிக்கவும் இல்லை.

எட்வின் மொபைலில் வட்டி போட ஆரம்பித்தான்.
குப்புராஜ் சிரிக்கவில்லை.
ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு
சுண்டுவிரலால் அந்த 340-ஐத் தொட்டார்,
ஈரம் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல.

தாய்ப்பத்திரம், பட்டா, வரி ரசீது, சொசைட்டி கடிதம்,
பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டு வாங்கிய வீட்டில்
இது யார் கணக்கு?
நாங்கள் பார்த்த முப்பது வருடத்துக்கும் முந்தியது.
விற்றவர் கனடாவில் இருக்கிறார்.
அவர் அப்பாதான் அந்த அய்யாவாக இருக்க வேண்டும்.
ஊரிலிருந்து வந்தாரோ என்னவோ.
ஃபோட்டோ எடுத்தேன். யாருக்கு அனுப்புவது?

குப்புராஜுக்கு நாங்கள் தர வேண்டியது இன்னும் ஆறாயிரம்.
இரண்டு கோடுகளில் பெயின்ட் வழிந்திருக்கிறது,
கொஞ்சம் பிடித்துக்கொண்டு கொடுக்கலாம் என்று
முந்தின ராத்திரிதான் பேசியிருந்தோம்.
அவர் ஒன்றும் கேட்கவில்லை.
பலகையைத் திரும்பப் பொருத்தப் போனவர்
நின்று, திரும்பி,
"பென்சில் இருக்கா மேடம்?" என்றார்.

நான் ஜிபேயைத் திறந்தேன்.

இப்போது நவம்பர்.
பகலில் லைட் போடுவதில்லை.
சண்டைகள் பழைய சத்தத்துக்கு வந்துவிட்டன.
மழை பிடித்த மூன்றாம் நாள்
சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில்
நாலணா அகலத்துக்கு ஒரு மஞ்சள்.
ஃபோன் போட்டால் குப்புராஜ் வருவார்.
போடவில்லை.
மளிகைக் கடைக் காலண்டர் ஒன்றை
அந்த இடத்தில் மாட்டியிருக்கிறேன்.
ரொம்பத் தாழ்வா இருக்கே என்று
வருகிறவர்கள் சொன்னால்
ஆமாம் என்கிறேன்.