குறை எடை

ஆறு நாளில் ஒரு விரற்கடை.
கூலண்ட் போத்தலின் மங்கிய பிளாஸ்டிக்கில்
கறுப்பு மார்க்கரால் கோடு போட்டுத் தேதி எழுதினேன்.
காலை ஐந்தே முக்கால், இஞ்சின் ஆறிக் கிடக்கையில்,
சமதரையில்.
செம்பனை ஆலையின் எடைமேடையில்
பதினோரு வருடம் கிராணியாக இருப்பவளுக்கு
வேறு எப்படிப் பார்க்க வரும்?

காடி புரோட்டோன் வீரா, தொண்ணூற்றாறு.
மூன்றாம் கை. என் கையில் ஒன்பது வருடம்.
பாடாங் செராயில் மூன்று பேரிடம் காட்டினேன்.
சந்தைக்கு எதிரே ஆ லோக்
மூடியைத் திறக்காமலே
ரேடியேட்டரை மாற்று என்றான், முந்நூற்று எண்பது வெள்ளி.
அஸ்மான், கேஸ்கெட் போயிருக்கும் என்று
இழவு வீட்டுக் குரலில் சொன்னார்.
மூன்றாமவர் நம்ம சிங்காரவடிவேல்:
"ஒழுகுனா ஊத்து தங்கச்சி,
தண்ணி என்ன காசா?"

புகையை முகர்ந்தேன். இனிப்பில்லை.
எண்ணெய்க் கம்பியை உருவிப் பார்த்தேன்,
பால் கோப்பி நிறமில்லை.
ஆக, தலை தப்பியது.

இரவில் அடியில் அட்டை விரித்தேன், மைலோ பெட்டியைப் பிரித்து.
விடிந்து இழுத்தால்
பல்லி எச்சம், பழைய எண்ணெய் ஒரு சொட்டு.
பச்சை இல்லவே இல்லை.
கீழே விழாத தண்ணீர் எங்கே போகிறது?

கேள்வி எனக்குப் புதிதில்லை.
தோட்டத்தில் ஏறும்போது ஒன்பது டன்னாக இருந்த குலை
என் மேடையில் எட்டே முக்காலாக நிற்கும்.
வெயில் குடிச்சிருச்சு என்பான் லோரிக்காரன்.
வெயிலும் குடிக்கும்தான்.
எவ்வளவு குடிக்கும் என்று எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை, பட்டறை ஃபோர்மன் குலசேகரனிடம்
கையெழுத்துப் போட்டு அழுத்தப் பம்பை வாங்கினேன்.
திங்கள் ஏழு மணிக்குத் திரும்பியாக வேண்டும்.
ரேடியேட்டர் வாயில் அதைத் திருகி
பதின்மூன்று பவுண்டு வரை அமுக்கிவிட்டு
நாற்காலி போட்டு முள்ளின் எதிரே உட்கார்ந்தேன்.
பதின்மூன்று.
அடுப்பில் சுறாக் கருவாடு.
பதின்மூன்று.
"அது என்னம்மா, பரீட்சையா எழுதுது?" என்றாள் லாவண்யஸ்ரீ.
இருபது நிமிடத்தில் பதினொன்று.

ஒழுகுகிறது என்று சொல்லிவிட்டது.
எங்கே என்று சொல்லவில்லை.
ஹோஸ்களைத் தடவினேன், விரல் ஈரமாகவில்லை.
கிளிப்பை முறுக்கினேன், இறுக்கம்தான்.
மகள் டார்ச்சைப் பிடிக்க
பவுடர் டப்பாக் கண்ணாடியை
பெல்ட்டுக்குப் பின்னால் நுழைத்தேன்.
முதலில் தெரிந்தது என் மூக்கு.
சாய்த்தேன்.
வாட்டர் பம்பின் அடிவயிற்றில் மிளகளவு துளை,
அதிலிருந்து இறங்கிய வெளிர்பச்சைத் தடம்
தூங்கும் பிள்ளையின் வாயோரம்
காய்ந்த எச்சில் போல.
பார்க்கும்போதே ஒரு சொட்டு
திரண்டு, தயங்கி, இரும்பில் பரவிற்று.

நின்றால் அழுத்தமில்லை, ஒழுகாது.
ஓடினால் ஒழுகும்,
ஒழுகியது சூட்டிலேயே காயும்.
தரைக்கு எப்படி வரும்?

அந்தத் துளை உடைசல் இல்லையாம்.
செய்தவனே வைத்ததாம், குலசேகரன் சொன்னார்.
உள்ளே சீல் தேய்ந்தால்
பேரிங்குக்குள் போகாமல் வெளியே வரட்டும்,
வண்டிக்காரர் பார்க்கட்டும் என்று.
பார்க்கட்டும் என்றவன்
அதை ஏன் பெல்ட்டுக்குப் பின்னால் வைத்தான்
என்று கேட்டேன்.
அவருக்கும் தெரியவில்லை.

பம்ப் நூற்றுப்பத்து, கூலி தொண்ணூறு.
அஸ்மான்தான் மாற்றினார். கேஸ்கெட்டைப் பற்றி
அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.
பதினேழு நாளாகக் கோடு அசையவில்லை.
இன்றும் ஐந்தே முக்காலுக்கு போனட்டைத் தூக்கினேன்.

பழைய பம்ப் இப்போது எடைமேடை மேசையில்,
ரசீதுகள் பறக்காமல் உட்கார்ந்திருக்கிறது.
"இது என்ன கிராணி?" என்றான் லோரிக்காரன்.
துளையைக் காட்டினேன். விவரம் சொன்னேன்.
எட்டே முக்காலுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான்,
வெயிலைப் பற்றி ஒன்றும் பேசாமல்.