பக்கம் பதினேழு, வரி நான்கு

குவைத் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அரை தினார்.
நான்கு ஃப்ளாப்பி, சுற்றி ஒரு ரப்பர் வளையம்.
பெட்டி இல்லை. புத்தகம் இல்லை.
லேபிளில் பச்சை மையில் அரபுப் பெயர்,
பீர்க்கண்ணு எழுத்துக்கூட்டினான்: ஃபவ்வாஸ்.
போருக்கு முன் பத்து வயதிருக்கும் அந்தப் பையனுக்கு.
அவனே விற்றானா, பூட்டை உடைத்து யாரும் எடுத்துப்போனார்களா,
அந்த வருஷம் அந்தச் சந்தையில்
யாரும் யாரையும் அப்படிக் கேட்பதில்லை.

ஃபஹாஹீலில் அறை. ஐந்து கட்டில்,
கம்பெனி கழித்துக்கட்டிய ஒரு கம்ப்யூட்டர்,
ஆரஞ்சு எழுத்துத் திரை.
கப்பலில் சரக்கேற்றித் தீவு தீவாக விற்கும் ஆட்டம்.
பாய் விரிந்தது, ராகம் மாதிரி ஏதோ கீச்சிட்டது,
பிறகு நின்று கேட்டது:
கையேட்டில் பக்கம் பதினேழு, வரி நான்கு, முதல் சொல் என்ன?
மூன்று தரம் தப்பினால்
முகத்தில் கதவு.

ஒவ்வொரு முறையும் வேறு பக்கம் கேட்கும்.
டைம்ஷீட்டின் முதுகில் பட்டியல் போட்டேன்.
ஐந்தாம் பக்கம் ஸெயில்.
பதினொன்று கோல்டு.
இருபத்தாறு ஹார்பர், அதற்கு மட்டும்
ராயப்பனுக்கு இரண்டு மாதம் பிடித்தது.
பதினேழு வாயே திறக்கவில்லை.
புயல் என்றோம், கடல் என்றோம், கேப்டன் என்றோம்,
மாடசாமி கடவுள் என்று அடித்துப் பார்த்தான்.

மாடியில் குரியச்சனிடம் ஒன்று இருந்தது,
கேள்வியே கேட்காத வட்டு.
காப்பிக் கூலி இருநூற்றைம்பது ஃபில்ஸ்.
நகல் வாங்க வாங்க என்று உள்ளே விடுகிறது,
அசல்தான் வாசலில் நிறுத்தி விசாரிக்கிறது.
"அது திருட்டுடா" என்றான் பீர்க்கண்ணு.
"இது மட்டும்?" ராயப்பன் விடவில்லை.
"எழுதினவனுக்கு இதில் ஒரு ஃபில்ஸ் போச்சா?
பூட்டைத் தடவித் தடவித் திறக்கிறவனுக்கு
உங்க ஊர்ல என்ன பேரு?"
பீர்க்கண்ணு பதில் சொல்லாமல் பருப்பைக் கிளறினான்.
அந்த வட்டு எங்கள் அறைக்கு வரவே இல்லை.
வந்தது. அவன் இரவு ஷிப்டுக்குப் போனபின் வந்தது.
நானும் ஆடினேன். ஜாதிக்காய் விற்றே பணக்காரன் ஆனேன்.
இரண்டே நாளில் சலித்துவிட்டது, ஏனோ.

அசல் என்றால் எனக்கு அப்போது
விசாவுக்கு வாங்கிய முப்பதாயிரம்.
வட்டி மாதாமாதம் போனது,
அசல் இருந்த இடத்தில் இருந்தது.
பாஸ்போர்ட் கம்பெனி பீரோவில்.
என் சட்டைப்பையில் அதன் ஜெராக்ஸ்,
வியர்வையில் என் முகம் பாதி கரைந்து.
சோதனைச்சாவடியில் போலீஸ்காரர் அதை
விளக்குக்கு நேரே பிடித்துக் கேட்டார்:
"வேன் அல்அஸ்ல்?"
அசல் எங்கே என்கிறார்.
அதே சொல்தான். எந்தக் கப்பலில் ஏறி
எங்கள் ஊர் வட்டிக்கடை வரை வந்ததோ.

ஊர் திரும்புகிற வருஷம், அதே சந்தை.
ஃபேன் ரெகுலேட்டருக்கும் ஒற்றைச் செருப்புக்கும் நடுவில்
கையேடு மட்டும் கிடந்தது.
வட்டு இல்லை.
நின்றபடி புரட்டினேன். பதினேழு. நான்கு.

ப்ளீஸ்.

லீவுக்கு, நின்றுபோன சம்பளத்துக்கு,
பீரோச் சாவி வைத்திருந்தவரிடம்
நாளுக்கு நாலு தரம் சொன்ன சொல்.
திரையிடம் சொல்ல
எங்கள் ஐவரில் ஒருவனுக்கும் தோன்றவில்லை.

"நூறு ஃபில்ஸ். வாங்கறதுன்னா வாங்கு,
நின்னு படிக்காதே" என்றான் கடைக்காரன், அவன் இந்தியில்.
நூறு ஃபில்ஸ் பையில் இருந்தது.
மூடி வைத்துவிட்டு நடந்தேன்.

பீர்க்கண்ணு அப்போது மஸ்கட்டில்.
கடிதத்தில் அந்தச் சொல்லை எழுதினேன்.
எப்படிக் கிடைத்தது என்பதை
எழுதவில்லை.