பதினாறு நிமிடம்

தண்டவாளம் வருமுன் பதினோரு வீடு,
கம்பளி மிதிக்கும் ஆலை ஒன்று,
எவருக்கும் சொந்தமில்லாத ஒரு கழுதை.
நான்ட்-அ-வ்ரான் என்பது ஊர்ப்பெயர்.
நம் வாயில் சொன்னால் காக்கையோடை.

ஸ்டேஷன் கட்டியவர்களிடம் பலகை குட்டை.
ஓடையை எழுதினார்கள், காக்கையை விட்டுவிட்டார்கள்.
காக்கைகள் வழக்குக்குப் போகவில்லை.
பலகைமேலேயே உட்கார்ந்துகொண்டன.

ரயிலில் அமிலம் வந்தது ஜாடி ஜாடியாக.
கார்ன்வாலிலிருந்து வெள்ளீயம்,
ஆப்பிரிக்காவிலிருந்து பனையெண்ணெய்,
வடக்கு மலைகளிலிருந்து
ஒரே பூட்சை மாற்றி மாற்றிப் போட்ட அண்ணன் தம்பிகள்.
தகர ஆலை எழுந்தது. அதைச் சுற்றி
ஒட்டிப் பிறந்த பிள்ளைகள்போல் வரிசை வீடுகள்:
நாற்பது, நூற்றுப்பத்து, முந்நூறு.
கழுதையை யாரோ விற்றுவிட்டார்கள்.

கடைசியாக வந்தது லண்டன் நேரம்.
ஸ்டேஷன் கடிகாரம் பன்னிரண்டு அடிக்கையில்
சபைக் கடிகாரத்தில் இன்னும் பதினாறு நிமிடம் மீதி.
சூரியன் சபையின் பக்கம்தான் நின்றது.

மேனேஜர் கிரிம்ஷா இரண்டையும் மதித்தார்.
காலையில் ஸ்டேஷன் கடிகாரப்படி கேட்டைப் பூட்டினார்,
மாலையில் சபைக் கடிகாரப்படி திறந்தார்.

பதினாறும் பெற்று வாழ்க என்போம் நாம்.
அங்கே பதினாறும் கொடுத்து வளர்ந்தது ஊர்.

கெட்டூரா பெவனுக்கு அப்போது வயது பத்தொன்பது.
உருளையில் நசுங்கி
எட்டெட்டாய் ஒட்டிவந்த தகடுகளை
ஈயக்கட்டி கட்டிய கையால் அடித்துப் பிரிக்கிற வேலை.
கன்னத்தில் ஒரு வெட்டு, மணிக்கட்டில் நான்கு.
கழிவுத் தகட்டில் ஆணியால் கீறிக் கணக்குப் போட்டாள்:
நாளுக்குப் பதினாறு. வாரத்துக்குத் தொண்ணூற்றாறு.
வருடத்துக்கு நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றிரண்டு.
கூட்டல் சரிதானா என்று
பக்கத்தில் நின்ற டோர்க்காஸிடம் கேட்டாள்.
டோர்க்காஸுக்கு எண் தெரியாது. ஏணி இருக்கும் இடம் தெரியும்.

அடுத்த சனி இரவு,
பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு ஆறு பெண்கள்.
ஏணியைப் பிடித்தவர்கள் ஐந்து பேர்,
பெரிய முள்ளைத் தள்ளியவள் ஒருத்தி.

ஞாயிறு காலை டீக்கன் எலிசேயுஸ் ப்ரோபர்ட்
பாதிக் காலியான பெஞ்சுகளுக்கு முன்னால் முழங்கினார்:
"கர்த்தரின் நேரத்தில் கைவைத்தது யார்?"
பதில் இல்லை.
பின்வரிசையில் யாரோ இருமினார்கள்,
அது நெடுநேரம் நிற்கவில்லை.

முள்ளைத் திருப்பி வைக்கச் சொல்லி ஆள் விட்டார் கிரிம்ஷா.
டீக்கன் மறுத்துவிட்டார்.
பெண்கள் தொட்டதைவிட
மேனேஜர் தொடுவது அவருக்குக் கசந்தது.

ஜெயித்தார்கள் என்று எழுத ஆசைதான்.
அடுத்த மாதமே ஒரு கட்டுக்கு
நான்கு தகடு கூடிற்று, கூலி கூடவில்லை.

அந்தக் கணக்குத் தகடு?
தவறுதலாய் நல்ல கட்டோடு சேர்ந்து
எண்ணெயில் முழுகி, வெள்ளீயத்தில் முழுகி
கண்ணாடிபோல் வெளியே வந்தது.
பெட்டியில் அடைத்து ரயிலேற்றினார்கள்,
பிறகு கப்பல்.
பாஸ்டனிலோ பால்டிமோரிலோ
ஒருவன் அவசரப் பசியில் மீன் டப்பாவைத் திறந்தபோது
மூடியின் உட்புறம்
கட்டைவிரலில் ஏதோ நெருடியது.
நக்கிவிட்டுத் தூர எறிந்தான்.