இரண்டு ஜன்னலுக்கு ஒரு நாற்காலி

இடப்பக்க ஜன்னலில் பூசான் டிக்கெட்.
வலப்பக்க ஜன்னலில் ஹகாதா டிக்கெட்.
இரண்டுக்கும் ஆள் நான் ஒருத்திதான்.
நாற்காலிக்கு அடியில் சக்கரம் உண்டு,
காலால் ஓர் உந்து,
நாடு மாறிவிடும்.

பின்லாந்துக்காரர்கள், ஒஸ்மோவும் ஐலியும்,
பத்து மணியிலிருந்து நடுத்தூணருகே நிற்கிறார்கள்.
விடுமுறையில் மீதி ஐந்து நாள்.
ஒஸ்மோவுக்கு முதுகுவலி.
கொரியாவில், தரைக்கடியில் சூடு ஓடும் அறையில்
மல்லாந்து கிடந்தால் போதுமாம்.
ஐலிக்கு கியூஷுவின் வெந்நீர் ஊற்று,
எரிமலைப் புகை,
பெட்டியில் அடைத்த ரயில் சாப்பாடு.
எனக்குப் புரியட்டும் என்றோ என்னவோ
ஆங்கிலத்தில் சண்டை போடுகிறார்கள்.
"இவ்வளவு தூரம் வந்து தரையில் படுக்கவா?"
"இவ்வளவு தூரம் வந்து வெந்நீரில் உட்காரவா?
அது நம் வீட்டிலேயே இருக்கிறதே!"

கடைசியில் என்னிடம் வந்தார்கள்: எது நல்ல நாடு?
விலை சொன்னேன். நேரம் சொன்னேன்.
அயல்நாடு ஒன்றரை மணி நேரம்.
என் சொந்த நாட்டின் பெருங்கரை
அதைப்போல் மூன்று மடங்கு.

"நீங்கள் அங்கே போனதுண்டா?"

ஒரே ஒருமுறை. கடைவாய்ப் பல் பிடுங்க.
எங்கள் தீவின் பல் டாக்டர் அந்த வாரம் லீவு.
பாதி முகம் மரத்துப்போய்
பூசான் மேட்டில் பஸ்ஸுக்கு நின்றபோது
மீன்கூடைக்காரி ஒருத்தி
கடலைக் காட்டி என்னவோ சொன்னாள்.
தேமாதோ என்ற சொல் மட்டும் பிடிபட்டது,
எங்கள் தீவுக்கு அவர்கள் வைத்த பெயர்.
அடிவானத்தில் மங்கலாய் ஒரு கோடு,
யாரோ மைவிரலைத் துடைத்ததுபோல்.
அதில்தான் என் வீடு, காயப்போட்ட துணி,
இந்த நாற்காலி.
பஸ் வந்தது. ஏறவில்லை.
அடுத்ததிலும் ஏறவில்லை.

இவ்வளவையும் சொல்ல ஆங்கிலம் போதாது.
"பல்" என்று கன்னத்தைத் தொட்டுக் காட்டினேன்.
மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

தொலைபேசி அடித்தது, வலப்பக்கம் உருண்டேன்;
அவர்களும் வலப்பக்கம் வந்தார்கள்.
யாரோ கூப்பிட்டார்கள், இடப்பக்கம் உருண்டேன்;
வந்தார்கள்.

நாலு மணிக்கு என் முறை முடிந்து
அபிரு வந்து உட்கார்ந்தார்.
வாசலில் சுட்ட கணவாய் ஒன்றை வாங்கி
இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிய்த்துக்கொண்டிருந்தார்கள்.
நான் சைக்கிளை எடுத்தேன்.

மறுநாள் காலை
நாற்காலி இடப்பக்க ஜன்னலருகே நின்றிருந்தது.
ஆனால் சாயங்கால வெயில் அங்கேதான் விழும்,
அபிருவுக்கோ முழங்கால் வலி.
அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.