பக்கக் கண்ணாடி

வேனை விற்றபோது
இடப்பக்கக் கண்ணாடியை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டேன்.
வாங்கியவன் சிரித்தான்.
பிரிட்ஜ்டவுனுக்கும் ஸ்பைட்ஸ்டவுனுக்கும் நடுவே
இருபத்தாறு வருடம்
பின்னால் வருவதைப் பார்த்தே பிழைத்தவன்.
இப்போது காலை ஐந்தரைக்கு
அதைத் தரையில் சாய்த்து வைத்து
என் உள்ளங்காலைப் பார்க்கிறேன்.

இந்தக் கால் எதையும் சொல்வதில்லை.
ஆணி ஏறியதையே சொல்லவில்லை.
மூன்றாம் நாள்
வெள்ளைக் காலுறைதான் சொன்னது.

வாராவாரம் நர்ஸ் தோர்ன்
புண்ணின் கரையைப் பேனாவால்
கண்ணாடித்தாளில் வரைகிறாள்.
முதல் தாளில் அது பார்படோஸைப் போலவே இருந்தது,
வடக்கே ஒடுங்கிய பேரிக்காய்.
"உன் ஊரைத்தான் வரைந்திருக்கிறேன், கார்விஸ்" என்றாள்.
சொந்த ஊர் சுருங்கிப் போகட்டும் என்று
அன்று முதல் வேண்டிக்கொள்கிறேன்.

சர்க்கரை எண்ணை
டீசல் கணக்கு நோட்டின் மிச்சப் பக்கங்களில் எழுதுகிறேன்.
கரும்பு விற்றே பெயர் வாங்கிய தீவில்
ஒரு கரண்டி சர்க்கரைக்குக் கணக்கு.

ராத்திரி இரண்டு மணிக்கு மூத்திரம் முட்டும்.
கழிவறை ஒன்பது அடி.
ஒன்பது அடிக்குமா அந்தப் பெரிய பூட்ஸ்?
ஒன்பது அடிக்கும்தான்.
இருட்டில் பட்டை பட்டையாக இழுத்து மாட்டுகிறேன்,
கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிக்கொண்டே.

சாலையைக் கடந்தால் கடல்.
"உப்புத்தண்ணி ஆற்றாத புண்ணாடா?"
என்பான் ஆஸ்பர்ட், டோமினோவை மேசையில் அறைந்து.
நானும் நம்பி இறங்கியவன்தான், போன ஈஸ்டருக்கு.
சுண்டுவிரல் போயிற்று.
பதினோரு நாள் ஆஸ்பத்திரிக் கட்டில்.

இன்று ஞாயிறு.
சர்ச்சுக்குப் போடும் வலது ஷூவுக்குள்
வழக்கம்போல் முதலில் கையை விட்டேன்.
ஏதோ தட்டுப்பட்டது.
இரட்டை ஆறு.
வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் காணாமல் போனது.
ஆஸ்பர்ட் சட்டைக்குள் ஒளித்துவிட்டான் என்று
தெருவே கேட்கக் கத்தியிருந்தேன்.
கைக்கு உடனே தெரிந்தது.
காலாக இருந்தால்
பிரசங்கம் முழுக்க அதன்மேலேயே நின்றிருக்கும்.

சர்ச்சுக்குப் பிறகு
கடற்கரைச் சுவர் வரை போனேன், அதற்கு மேல் இல்லை.
அவன் இடுப்பளவு நீரில் நின்றிருந்தான்.
இரட்டை ஆறை உயர்த்திக் காட்டினேன்.
பார்த்தான். வெகுநேரம் சிரித்தான்.
"மன்னிப்புக் கேட்கணும்னா இறங்கி வாடா!"

அலை இருபது எட்டுத் தூரம்.
பூட்ஸைக் குனிந்து பார்த்தேன்.
நீ ஏறி வா, என்றேன்.