கழிவு

வலயக் கல்விக் கந்தோரிலிருந்து
பன்னிரண்டு டெப்பும் ஒரு படிவமும் வந்தன.
டெப்பில் ஒன்று வரும்போதே வெடித்திருந்தது.
படிவத்தில் இரண்டு கட்டங்கள்.
கருவியை இயக்கியவர்: ஆசிரியர், மாணவர்.
ஒன்றுக்கு மட்டும் புள்ளடி இடுக.

முதல் மாதம் நான்தான் இயக்கினேன்.
பதினொரு திரையிலும் ஒரே பக்கம்,
நான் புரட்டினால் புரளும்
நான் நிறுத்தினால் நிற்கும்.
மடுல்சீமையில் பத்து மணிக்கே மூடுபனி;
ஜன்னலைச் சாத்தினால் வகுப்பு இருட்டு,
திறந்தால் திரையெல்லாம் ஈரம்.
சத்தமே இல்லை.
நல்ல வகுப்பு என்று
அதிபர் வாசலோடு சொல்லிப் போனார்.

அடுத்த மாதம்
கடவுச்சொல்லைக் கொடுத்துவிடுவோம் என்று
வாய் திறந்தேன்.
"அது தெரியும் சேர்" என்றான் லெவின்,
"உங்க பைக் நம்பர்."

விட்டுப் பார்த்தேன்.
ஒரு வாரம் நாய்க்காது, பூனை மீசை,
அதிபரின் வழுக்கையில் ஒரு கிரீடம்.
சதுர்ஷிகா நாற்பது நிமிடமும்
தன் பெயரின் நிறத்தை மாற்றிக்கொண்டிருந்தாள்.
நானும் ஒருநாள் பிரம்பைத் தேடினேன்,
பொய் எதற்கு.

பிறகு சதவீதம் வந்தது. பாடத் தலைப்பு, கழிவு.
நான் செய்த பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கடை,
இரண்டாயிரம் ரூபாய்ச் சட்டை,
பத்து வீதம் கழிவு,
பல் தெரியச் சிரிக்கும் ஒரு குடும்பம்.

"கழிவுன்னா நல்லதா சேர்?"
யுகேந்தினி கேட்டாள்.
வாங்குறவனுக்கு நல்லது, என்றேன்.
"அப்ப கொழுந்து மடுவத்துல?"

அடுத்த பக்கம் புரட்டினேன்.

டெப்பை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது.
எழுதிக் கையெழுத்தும் வாங்கியிருந்தேன்.
கொண்டுபோயிருக்கிறாள்.
திங்கட்கிழமை அவள் திரையில்
தராசின் சிவப்பு எழுத்தில் இருபத்தொன்று,
கணக்குப்பிள்ளையின் பேனாவில் பதினெட்டு.
இப்படி எட்டுப் பேர், எட்டுச் சாக்கு.
ஈரத்துக்கு ஒன்று,
சாக்குக்கு ஒன்று,
மூன்றாவது கிலோ எதற்கென்று யாரோ கேட்கும் இடத்தில்
படம் ஆடி, நிலத்தைக் காட்டி, முடிகிறது.

வாங்குகள் தாமாக இழுபட்டன.
நிரோஷ்காந்த் நிரலைப் பிழையாகப் போட்டான்,
திட்டு வாங்கினான், என்னிடம் அல்ல.
குறைந்த கிலோக்களைச் சதுர்ஷிகா சிவப்பாக்கினாள்;
எந்தச் சிவப்பு என்று
அவளுக்குத் தெரிந்திருந்தது.

மூன்றை இருபத்தொன்றால் வகுத்து
நூறால் பெருக்கினார்கள்.
பதினான்கு தசம்
இரண்டு எட்டு ஐந்து ஏழு ஒன்று நான்கு
இரண்டு எட்டு ஐந்து ஏழு
"டெப் பழுதா சேர்? நிக்குதில்லையே."

அங்கேதான் நான் தேவைப்பட்டேன்.
வெண்கட்டியைத் தேடி எடுத்து
நெடும்பிரித்தலாய்க் கீழே கீழே இறங்கினேன்.
மீதி ஆறு.
பதினெட்டு, பன்னிரண்டு, பதினைந்து, மூன்று, ஒன்பது.
மறுபடி ஆறு.
போன மீதியே திரும்பி வந்தால்
கணக்கு முடியாது பிள்ளைகளே,
இதற்குப் பெயர் மீளும் தசமம்.
ஒருவரும் சிரிக்கவில்லை.
கையைத் தட்டிவிட்டு
கடைசி வாங்கில் போய் உட்கார்ந்தேன்.

படிவம் வெள்ளிக்கிழமைக்குள் போக வேண்டும்.
இரண்டு கட்டமும் வெறுமையாய் மேசையில் கிடக்க
மணி அடித்த பிறகு அவள் வந்தாள்.
மின்கலத்தில் ஒன்பது வீதம் மிச்சம்.

"இத யார்கிட்ட காட்டுறது சேர்?"

அதற்கு நான் பக்கம் தயாரித்திருக்கவில்லை.

"அப்ப அழிச்சிரவா?"

வேண்டாம், என்றேன்.
கடவுச்சொல்லை மாற்று.
எனக்கும் சொல்லாதே.