என் நிறுத்தம்

செகெத் நகரத்து டிராமில்
ஜன்னலில் சாய்ந்து வாய் பிளந்து தூங்குகிறேன்.
மடியில் வெங்காயத்தாள் கட்டு.
ஒரு ஷூ கழன்று கிடக்கிறது.
கண்காட்சியில் அதற்குப் பெயர் 'ஓய்வு'.

பதினோரு மணி நேரம்
ஆஸ்பத்திரி விரிப்புகளைத் துவைத்துவிட்டு வந்தவளை
ஓய்வு என்கிறான் ஜொம்போர் என்கிற அந்த ஆள்.

கேட்காமல் எடுத்தது தப்பு, வழக்குப் போடலாம்
என்கிறாள் வக்கீல் எதெல்கா.
கேட்டிருந்தால் இந்த முகம் கிடைத்திருக்குமா
என்கிறான் அவன்.
கிடைத்திருக்காது.
தலைக்குட்டையை இழுத்துவிட்டு
பாஸ்போர்ட்டுக்கு வைக்கிற முகத்தைத்தான் வைத்திருப்பேன்.

அழகாகத்தான் இருக்கிறேன், பொய் சொல்வானேன்.
நான் தூங்கி நானே பார்த்ததில்லை.
பார்த்த ஒருவனும் பிரிந்து போய்விட்டான்.

நீதிபதியிடம் சட்டம் பேச எனக்குத் தெரியாது.
படத்துக்குக் கொஞ்சம் கிட்டே வாருங்கள் என்பேன்.
என் தலைக்குப் பின்னால், கண்ணாடிக்கு வெளியே,
எழுத்து எழுத்தாக, துல்லியமாக,
மார்ஸ் சதுக்கம்.

அங்கேதான் நான் இறங்க வேண்டும்.

அன்று கடைசி நிறுத்தம் வரை போய்
மழையில் நடந்து திரும்பினேன்.
அவனுக்கு எப்படித் தெரியும் என்பீர்கள்.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.